முப்பத்தெட்டு பேருக்கும் பச்சை

மாலை ஐந்து மணிக்குள் நான்காம் வகுப்பின் வாசிப்புத் தேர்வு முழுவதும் இணையதளத்தில் ஏறியாக வேண்டும். ஆசிரியர் அறையின் சுவர்க்கடிகாரம் நாலேகால் காட்டியது. வகுப்பு டீச்சரின் மடியில் இருந்த டேப்லெட்டில், முப்பத்தெட்டுப் பெயர்களில் ஆறுக்கு மட்டும்தான் நிறம் விழுந்திருந்தது. அதிலும் மூன்று சிவப்பு.

முறைப்படி செய்தால் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். திரையில் வரும் பத்தியைப் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு நான்கு கேள்விகளுக்கு விரலால் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். சரளமாக வாசித்தால் பச்சை, திணறினால் மஞ்சள், முடியாவிட்டால் சிவப்பு. தலைமையாசிரியர் காலையிலேயே ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருந்தார்: ‘நம் பள்ளி முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்.’

“அக்கா, இப்படிக் கொடுங்க,” என்று டேப்லெட்டை வாங்கினாள் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. எல்லோருக்கும் அவள் சின்ன டீச்சர். மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் குரலில் பத்தியை வாசித்துத் தள்ளினாள். திரையில் ஒரு பச்சை நட்சத்திரம் சுழன்று வந்து நின்றது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த பிள்ளைக்கு டீச்சர் கீச்சுக் குரலில் வாசித்தாள். அதற்கடுத்தவனுக்குச் சின்ன டீச்சர் தொண்டை கட்டியதுபோல் வாசித்தாள். உண்மையாகச் சிவப்பு வாங்கிய மூன்று பேருக்கும் ‘மறுதேர்வு’ என்று போட்டுப் பச்சையாக்கினார்கள். ஐந்தடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் முப்பத்தெட்டு பேருக்கும் பச்சை.

டீச்சர் கெட்டவள் இல்லை. பதினாறு வருடமாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள்தான். ஆனால் மதிய உணவுக் கணக்கு, வருகைப் பதிவு, புகைப்படம், உறுதிமொழிப் படிவம் என்று ஏதாவது ஒன்று தினமும் அவள் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. அதே தளத்திலிருந்து திங்கள்தோறும் ஒரு இணைப்பும் வரும், வாசிப்புச் சொல்லித் தருகிறவர்களுக்குப் பயன்படும் பொருள்கள் என்று. இன்றுவரை அவள் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. கீழே இருக்கும் ‘பார்த்தேன்’ என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எல்லோரும் செய்வதைச் செய்கிறவனுக்குக் குற்ற உணர்ச்சியே வருவதில்லை. இந்த நாசமாய்ப்போன வசதி ஒன்று போதும், ஒரு தலைமுறையைக் கெடுக்க.

அன்று மாலையே பெற்றோரின் போன்களுக்கு ஒரு பச்சை நட்சத்திரத்தோடு செய்தி போனது: ‘வாழ்த்துகள்! உங்கள் மகள் சரளமாக வாசிக்கிறாள்.’

அந்தச் செய்தியை ஒருவர் மட்டும் பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார். லிஃப்ட் மெக்கானிக். அவர் மகளுக்கு வகுப்பில் ‘ரேடியோ’ என்று பெயர். காதில் விழுந்த எதையும் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். பக்கத்துப் பெண் வாசிப்பதை இரண்டு முறை கேட்டால் பாடமே மனப்பாடம். புத்தகத்தைக் கையில் பிடித்து, விரலை வரிமேல் ஓட்டி, கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டிக் கேட்டால் தெரியாது. யாரும் தனியாகக் காட்டிக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. வீட்டில் ஆளில்லாததால் அப்பா மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். ஐந்து மாடிக் கட்டடம். அன்று பார்த்து அவருடைய உதவியாள் வரவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேலே ஏறிய பிறகுதான், எச்சரிக்கை அட்டையை மாட்டாமல் வந்தது நினைவுக்கு வந்தது.

“பையில ரெண்டு அட்டை இருக்கும்மா. ‘சுவிட்சைப் போடாதே’ன்னு எழுதினதை எடுத்து, கீழே பெட்டியில மாட்டிட்டு வா,” என்றார்.

இரண்டும் வெள்ளை அட்டை. இரண்டிலும் அவரே எழுதிய கறுப்பு எழுத்து. ஒன்றில் ‘சுவிட்சைப் போடாதே’, மற்றதில் ‘சுவிட்சைப் போடலாம்’. அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மேலே போய் “தெரியலப்பா” என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பச்சை நட்சத்திரத்தை அப்பா ஊரெல்லாம் காட்டிய பிறகு எப்படிச் சொல்வாள்? கைக்கு வந்த ஒன்றை மாட்டினாள்.

கட்டடக் காவலாளி அட்டையைப் பார்த்தார், சுவிட்சைப் போட்டார். கப்பி சுழன்றது. மெக்கானிக்கின் வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு போயின.

அதன் பிறகு ரேடியோ யாரோடும் பேசவில்லை.

பத்து நாள் கழித்து, கட்டுப் போட்ட கையோடு அவர் பள்ளிக்கு வந்தார். மகள் கூடவே நின்றாள். இடது கையால் போனை எடுத்துத் தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்தார். டீச்சரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“இது யார் அனுப்பினது சார்?”

“ரிப்போர்ட் சர்வர்ல இருக்குங்க. அதுல பச்சைன்னா பச்சைதான்.”

“சர்வரை விடுங்க. பொண்ணு இங்கதான் நிக்கிறா. அவளைக் கேளுங்க.”

தலைமையாசிரியர் பாடப்புத்தகத்தின் மூன்றாம் பாடத்தை விரித்து நீட்டினார். “படிம்மா.” அவள் மெல்லிய குரலில் தொடங்கினாள். தட்டுத்தடங்கல் இல்லாமல் வரிகள் வந்தன. “பாத்தீங்களா? எவ்வளவு அழகா வாசிக்கிறா!” என்றார் அவர்.

மெக்கானிக் கையை நீட்டி நாலைந்து தாள்களைப் புரட்டினார். வேறு பாடம், வேறு படம். மகளின் வாய் நிற்கவில்லை. விரல் புதிய பக்கத்தின் வரிமேல் ஓடிக்கொண்டிருக்க, பழைய பாடமே வந்துகொண்டிருந்தது. அப்பா புத்தகத்தை மூடியபோதுதான் நிறுத்தினாள்.

தலைமையாசிரியர் சட்டென்று குரலை உயர்த்தினார். “ஒன்பது வயசுப் பிள்ளையை வேலை நடக்கிற இடத்துக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? நான் ஒரு புகார் எழுதினா உங்க கதி என்னாகும் தெரியுமா?”

“கூட்டிட்டுப் போனது என் தப்புதான் சார். அதுக்கு ரெண்டு விரலைக் கொடுத்துட்டேன். நீங்க என்ன கொடுத்தீங்க?” கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார். “மாசாமாசம் லிஃப்ட் கயித்தைப் பாத்துட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுறேன். பாக்காமப் போட்டா ஆள் செத்துடுவான். உங்க கையெழுத்தால யாருக்கு என்ன ஆகிடப்போகுதுன்னு நெனச்சீங்க, இல்ல?”

டீச்சருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. கீச்சுக் குரலில் தான் வாசித்ததும் வாயைப் பொத்திச் சிரித்ததும் காதுக்குள் கேட்டன.

“அவ வாசிக்கல. நாங்கதான் அவ குரல்ல வாசிச்சோம்,” என்றாள்.

“டீச்சர், வாயை மூடுங்க!”

“இவ்வளவு நாளா மூடித்தான் சார் வச்சிருந்தேன்.”

அன்று மதியமே அவள் கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு உதவப் பள்ளி பள்ளியாகப் போகும் ஒரு தனி ஆசிரியை உண்டு. அவரை அனுப்பச் சொல்லிக் கேட்டாள்.

“உங்க பள்ளியில சிவப்பே இல்லையே மேடம்! சிவப்பு இருக்கிற இடத்துக்குத்தான் ஆள் அனுப்புவோம்,” என்று பதில் வந்தது.

நிறத்தை மாற்றலாம் என்று தளத்தைத் திறந்தாள். பச்சையை மாற்ற முடியாது என்றது திரை. முன்னேறியவர்கள் பின்னேற வழியே வைக்கவில்லை அந்தப் புண்ணியவான்கள். கொதிப்பு அடங்காமலே ஒரு தாளை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டாள். சின்ன டீச்சரின் பெயரை எழுதவில்லை. ஆனால் சின்ன டீச்சர் அழுதுகொண்டே வந்து தானும் ஒரு கையெழுத்துப் போட்டாள். தாள் கல்வி அலுவலகத்துக்குப் போனது.

பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, உண்மையாகவே வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஐந்து நாள் ஆயிற்று. முப்பத்தெட்டில் பதினோரு பேர்தான் பச்சை. அந்தப் பட்டியலையும் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

திங்கள்கிழமை இணைப்பு வந்தது. முதல்முறையாகத் திறந்தாள். ஒவ்வோர் எழுத்தின் ஒலியும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. ஒரு பக்கத்தில் மூன்றே வரிகளோடு அச்செடுக்கக்கூடிய கதைத் தாள்கள் இருந்தன. எழுத்தை எங்கே தொடங்கி எப்படி வளைப்பது என்று ஒரு கை எழுதிக் காட்டியது. மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றே ஒரு ஆசிரியர் ஆறு நிமிடம் பேசியிருந்தார்: படத்தை மறையுங்கள், சொற்களைக் கலைத்துப் போடுங்கள், அர்த்தமே இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் உயிரைக் கொடுத்துச் செய்து, இலவசமாக வைத்திருந்தார்கள். ஒரு வருடமாக இதன்மேல்தான் ‘பார்த்தேன்’ என்று பொய் சொல்லியிருந்தாள். அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஆத்திரத்தை வேலையில் காட்டினாள். காலையில் அரைமணி நேரம், பள்ளி விட்டதும் அரைமணி நேரம். ரேடியோ முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒலிப்பதிவைக் கேட்டு, சொற்களைக் கலைத்துப் போட்ட அட்டைகளில் அந்த எழுத்தைத் தேடினாள். கேட்ட ஒலியும் பார்த்த எழுத்தும் அவளுக்குள் மெதுவாக ஒட்டத் தொடங்கின. ஒரு நாள், அதுவரை பார்த்திராத கதைத் தாளை முன்னால் வைத்தபோது, கடகடவென்று வரவில்லை. எழுத்தெழுத்தாக, மூச்சிரைக்க, நெற்றி வேர்க்க ஒரு வரியை முடித்தாள். வாசிப்பு என்றால் அது வாசிப்பு! முடித்துவிட்டு, “டீச்சர், இது நானே படிச்சது,” என்றாள். அவ்வளவு நாளில் அவள் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் தலைமையாசிரியர்.

“எல்லா இடத்துலயும் நடக்கிறதுதாம்மா இது,” என்றார் அதிகாரி சலிப்போடு. “நீங்க ஒருத்தர் எழுதிக் கொடுத்து என்ன சாதிச்சீங்க? உங்களுக்குத் தண்டனை, பள்ளிக்குக் கெட்ட பேர், லிஸ்ட்டுல இருபத்தேழு பிள்ளைங்களோட நிறத்தை நாங்க மாத்த வேண்டியதாப்போச்சு.”

“தண்டனையைக் கொடுங்க சார், வாங்கிக்கிறேன். நான் பண்ணினதுக்கு அது வேணும்,” என்றாள் டீச்சர். எழுந்து நின்றாள். குரல் வெளி வராந்தா வரை கேட்டது. “ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. சிவப்புங்கிறது அவமானம் இல்ல. இந்தப் பிள்ளைக்கு உதவி வேணும்னு அர்த்தம். அதுமேல பச்சையைப் பூசினா, அவளுக்கு வர வேண்டிய உதவியை நாமளே பிடுங்கிக்கிறோம். தளத்துல எல்லாம் இருக்கு சார், சொல்லிக் கொடுக்கத் தேவையானது எல்லாமே இருக்கு. அதைத் திறக்காம ‘பார்த்தேன்’னு போடுற வாத்தியாரும், பிள்ளையைப் பாக்காம நிறத்தை மட்டும் பாக்குற அதிகாரியும் இருக்கிற வரைக்கும் ஒரு பிள்ளையும் படிக்காது. பள்ளியோட பேரைக் காப்பாத்த நமக்குச் சம்பளம் இல்ல. பிள்ளைக்குப் படிக்கத் தெரியலன்னா, தெரியலன்னு தைரியமாச் சொல்லுங்க. சொல்லிக்கொடுக்கிறது அங்கதான் ஆரம்பிக்குது.”