நாற்பது கிராம்

1

இந்தக் கதை ஒரு ரொட்டியின் எடை குறைந்ததில் பிறந்தது. குறைத்தவள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவின் ரொட்டிக் கடையில் மாவு வெட்டுகிறேன். நானூறு கிராம் என்று அச்சடித்த உறைக்குள் முந்நூற்று அறுபதுதான் போகும். இதையெல்லாம் எழுதிவைக்க இப்படி ஒரு நோட்டு இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'கொடிய முகம் கொண்ட அந்த அதிகாரி...'

(அடித்துவிட்டேன். அவருக்கு மூக்கு மட்டும்தான் கொஞ்சம் பெரிது.)

தராசுக்கு முத்திரை போடும் ஆய்வாளர் அவர். எடைக்கல் பெட்டியைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். பெட்டி கனம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு, 'டீச் செலவு' வாங்கிக்கொண்டு முத்திரை குத்துவார். அந்தச் செலவுக்கு அம்மா எங்கே போவார்? விலையை ஏற்றினால் ஆட்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். எடையை இறக்கினார்.

3

அவரை மனதாரத் திட்டவும் வரவில்லை. வேலை வாங்கவே நிலத்தை விற்று மேலே கொடுத்தாராம். அதை அவர் எங்களிடம் எடுக்கிறார், நாங்கள் ரொட்டியில் எடுக்கிறோம், ரொட்டி தின்கிறவர்...

(இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியாமல் விட்டிருந்தேன். நேற்று தெரிந்தது.)

4

நேற்று ஆய்வாளரின் மனைவி எங்கள் ரொட்டியோடு வந்து நின்றார். பின்னாலேயே ஆய்வாளர், வீட்டுச் சட்டையில், மூச்சு வாங்க.

"அக்கா, பிள்ளைங்களுக்குப் பத்தவே மாட்டேங்குது. என்னடான்னு நிறுத்துப் பார்த்தேன். நாப்பது கிராம் குறையுது."

எந்தத் தராசில் நிறுத்தார் என்று அம்மா கேட்டார்.

"இவரு பெட்டியிலதான். தராசும் கல்லும் சும்மாதானே கெடக்குது."

அரசாங்க எடைக்கல் முதல்முறையாக வேலை பார்த்திருக்கிறது. ஆய்வாளர் எங்கள் கூரையை ஆராயத் தொடங்கினார்.

5

முடிவு ஒன்று: அவர் அபராதம் எழுதுகிறார், கடைக்குப் பூட்டு. (சோதிக்காமல் முத்திரை குத்தியது யார் என்று மேலே கேட்பார்களே. எழுத மாட்டார்.)

முடிவு இரண்டு: அம்மா அங்கேயே சொல்லிப் பார்த்தது. "உனக்கு மட்டும் தனியா சுட்டுத் தர்றேன், தங்கச்சி." (அந்த நாற்பது கிராமையும் அடுத்த வீட்டு ரொட்டியில்தான் எடுப்போம்.)

ஆய்வாளரின் மனைவி மசியவில்லை. வரிசையில் ஏழெட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாவு வெட்டுறது நீதானேம்மா? எவ்வளவு வெட்டுறே, எதுக்குக் குறைக்கிறே? நீ சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தார். ஆய்வாளரும் கூரையிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். சொன்னால் கடை போகும், அவர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கும் முந்நூற்று அறுபதுதான். நாலு பேர் எதிரில் பெயரைக் கேட்டாலே வியர்த்துப்போகிற நான், வாயைத் திறந்து

(இதற்கு மேல் எழுதப்போவதில்லை. தினமும் ரொட்டி வாங்குகிறவர் நீங்கள். நான் என்ன சொன்னால் உங்களுக்குப் பிடிக்குமோ, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.)