டில்லிபாபுவுக்குப் போட்ட ஊசி

டில்லிபாபுவின் வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வானகரத்து ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் கண்மூடிக் கிடந்தார். பார்க்க வந்த மனைவி அகல்யாவின் கண் நர்ஸின் கையைவிட்டு அகலவில்லை. சர்க்கரையே இல்லாத மனுஷனுக்கு இன்று இருநூற்றெண்பது என்கிறார்களே!

"இது இன்னா ஊசி?"

"டாக்டர் எழுதினதும்மா." காலி சீசாவைத் தட்டில் வைத்துவிட்டு நர்ஸ் நகர்ந்துவிட்டாள்.

அந்த அவசரமே அகல்யாவுக்குச் சரியாகப் படவில்லை. சீசாவைப் போனில் படம் பிடித்து, குமணன்சாவடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி அழகேசனுக்கு அனுப்பினாள்.

"ஸ்டீராய்டுக்கா இது," என்றான் அவன்.

அகல்யாவுக்கு அந்தப் பேர் தெரியும். இளைப்புக்கென்று அதே வகை மாத்திரையை வருஷக்கணக்கில் தின்று, முகம் ஊதி, இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள் அவளுடைய அக்கா.

டாக்டர் நிவேதிதாவை வராந்தாவிலேயே மறித்தாள்.

"எங்க ஊட்டுக்காரர வெச்சு சோதன பண்றீங்களா?"

டாக்டர் கோபப்படவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் மிச்ச நுரையீரல் வீங்கி, நீர் கோத்து, மூச்சுத் திணறலாம். அவருக்கு அந்த ஆபத்து அதிகம். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி, மூணே நாள். சர்க்கரை இதனாலதான் ஏறுது, நிறுத்தினா இறங்கிடும்."

"கண்டிப்பா தடுக்குமா?"

"அப்படி உறுதி சொல்ல முடியாதும்மா. அதனால எல்லாருக்கும் போடுறதும் இல்ல. உங்க கணவர்கிட்ட சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம்."

காகிதத்தைக் காட்டினார். டில்லிபாபுவின் கையெழுத்தேதான். அகல்யாவின் சந்தேகம் அப்படியே கட்டிலில் கிடந்தவர் பக்கம் திரும்பியது.

மறுநாள் அவர் கண் திறந்ததும், ஊசியைப் பற்றி முன்பே சொன்னார்களா என்று கேட்டாள்.

"சொன்னாங்க," என்றார், மூச்சை எட்டிப் பிடித்துப் பிடித்து. "உன்னாண்ட சொன்னா… ஆபரேஷனே வேணாம்னு… இட்டுகினு போயிருப்பே."

"வேற இன்னா மறைச்சுகினு கீறே?"

அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"சிகரெட்ட இன்னும் உடவே இல்லடி. ஃபாக்டரில… தெனம் அஞ்சாறு."

அவருக்கு மட்டும் ஏன் ஆபத்து அதிகம் என்பது அப்போதுதான் விளங்கியது. திட்டத்தான் வாயெடுத்தாள். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

மூச்சுத் திணறல் வரவில்லை. சர்க்கரையும் இறங்கியது. ஊசிதான் காத்ததா என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எட்டாம் நாள் ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பும்போது, மருந்துச் சீட்டை வரிவரியாகப் படித்துச் சொல்லும்படி டாக்டரை நிறுத்திவைத்தாள். டில்லிபாபு மெல்ல வாசல் பக்கம் நழுவினார்.

"நில்லு," என்றாள். "நீயும் கேளு."