பிரேமினியின் பின்சக்கரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷாந்திக்கு முப்பத்து நாலு வயது நிறைந்தது. கேக் வெட்டிவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று அவள் கணவன் மதுரன் சொல்லிப் பார்த்தான். அவள் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "கேக்கெல்லாம் வேணாங்க. எனக்கு பிரேமினி மூஞ்சிய பாக்கணும். தோத்துப்போய் நிக்கிற மூஞ்சிய," என்றாள்.

நோட்டன் பிரிட்ஜ் மைதானத்தில் தொடங்கி, தேயிலை மலைகளைச் சுற்றி அங்கேயே வந்து முடியும் அறுபத்து நாலு கிலோமீட்டர் மலைச் சைக்கிள் போட்டி அது. பிரேமினி ஹட்டன் டவுன் கடைக்காரர் மகள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சைக்கிள் பழகியதும் ஒன்றாகத்தான்.

போன வருடப் போட்டியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு பிரேமினி முதலில் போனாள். அம்புக்குறிப் பலகையை இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை நம்பிப் போன கிருஷாந்தி மூடுபனியில் பாதை முடிந்ததே தெரியாமல் கல்லுக் கான் என்ற வடிகாலுக்குள் விழுந்தாள். காறை எலும்பு உடைந்தது. பாதை பிரியும் இடத்தருகே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ராசம்மா, பலகையைத் திருப்பியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னாள். ஒரு ஆள் சொல்வது போதாது என்றார்கள் போட்டி நடத்தியவர்கள். கோப்பை பிரேமினிக்குப் போனது. "பலக பாத்து போகத் தெரியாதவளுக்கு எதுக்கு ரேசு?" என்று டவுனில் அவள் சொல்லிச் சிரித்தது கிருஷாந்தி குடியிருந்த தோட்ட லயம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

நாலு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கிருஷாந்தி. குழந்தையைத் தூக்க முடியாதவளை அங்கே எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வேறு ஆள் வந்துவிட்டாள். இவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகுமுன் தினமும் விடியற்காலையில் தொழிற்சாலை மேட்டில் ஏறி இறங்கிப் பழகினாள். மழை, அட்டைக்கடி எதற்கும் ஒரு நாள் நிற்கவில்லை.

போட்டி தொடங்கியதும் பெண்களில் அவர்கள் இரண்டு பேரும் முன்னால் வந்துவிட்டார்கள். கிருஷாந்தி முந்தவில்லை. முந்த முடியும் என்று இருபதாவது கிலோமீட்டரிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பிரேமினியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, தன் மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்கும்படியே வந்தாள். பிரேமினி வேகம் கூட்டினால் கூட்டினாள். குறைத்தால் குறைத்தாள்.

"முந்திப் போறதுன்னா போயேன்!" என்று பிரேமினி கத்தினாள்.

"அவசரமில்ல. நீ பலகைய பாத்து போ."

ஐம்பதாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் பிரேமினி எழுந்து நின்று மிதித்தபோது சங்கிலி படீரென்று அறுந்தது. கிருஷாந்தி அவளைத் தாண்டிப் போனாள். முன்னால் வேறு பெண் யாருமில்லை. கோப்பை கையில் கிடைத்த மாதிரிதான். ஆனால் நாளைக்கு டவுனில் என்ன பேச்சு நடக்கும் என்று நினைத்ததும் பிரேக் பிடித்தாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

பிரேமினி அறுந்த சங்கிலியோடு குந்தியிருந்தாள். "ஒன்கிட்ட சங்கிலி இணைப்பு இருக்கா கிருஷா?"

"இருக்கு. போன வருசம் பலகைய திருப்பினது யாரு?"

கீழேயிருந்து, மூன்றாவதாக வந்துகொண்டிருந்த லோஜினி என்ற கினிகத்தேனை ஊர்ப் பெண் ஏறி வந்து, இருவரையும் வியப்போடு பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

"நான்தான்," என்றாள் பிரேமினி, தரையைப் பார்த்து. "நீ இப்புடி விழுவன்னு நெனைக்கல."

"மைதானத்துல மைக்கு முன்னால சொல்லுவியா?"

"அது மட்டும் முடியாது. எங்கப்பா டவுன்ல தலை நிமிந்து நடக்க வேணாமா?"

கிருஷாந்திக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்தச் சங்கிலியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பையிலிருந்து இணைப்பையும் குறட்டையும் எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"மாட்டு. சங்கிலி அறுந்துதான் தோத்தேன்னு நீ யாருக்கும் சொல்லக்கூடாது. நீ என்கிட்ட தோத்தன்னு ஒனக்கே தெரியணும்."

பிரேமினி மாட்டி முடிக்கும்வரை கிருஷாந்தி நின்றாள். அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தானும் ஏறினாள். அடுத்த வளைவில் அவளை முந்தினாள். மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்த்தபோது பிரேமினி இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

லோஜினியைப் பிடிக்க முடியவில்லை. கிருஷாந்திக்கு இரண்டாவது இடம். பதக்கம் வாங்கக் கூப்பிட்டார்கள். அவள் போகாமல் முடிவுக்கோட்டருகே நின்றாள். பதினொரு நிமிடம் கழித்து, சேறும் கண்ணீருமாக பிரேமினி வந்து சேர்ந்தாள். கிருஷாந்தி கண்ணெடுக்காமல் அந்த முகத்தைப் பார்த்தாள். பிரேமினி கையை நீட்டினாள். கிருஷாந்தி அதைத் தொடவில்லை.

மதுரன் வியர்வை துடைக்கத் துவாயோடு ஓடி வந்தான். "மொத எடத்த விட்டுட்டியே! கோவமாவது தீந்துச்சா?"

அவள் யோசித்தாள். காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியிருந்தது. முழுதாக இறங்கவில்லை.

"பாதி தீந்துச்சுங்க," என்றாள். "அடுத்த வருசமும் அவ வருவாளான்னு கேட்டு வைங்க."

சொல்லிவிட்டு, பெயரை இரண்டாம் முறையாகக் கூப்பிட்ட மேடையை நோக்கி நடந்தாள்.