ஐஸ்காரர் கை

"இன்னும் தேய்ங்க. உங்க கை இன்னும் ஐஸ் ஃபேக்டரியிலேயே இருக்கு," என்றார் நர்ஸம்மா.

அவன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்தான். ஐஸ் கட்டிகளைத் தூக்கித் தூக்கி மரத்துப்போன கை. கல்யாணமான புதிதில் மனைவி இந்தக் கைக்குப் பயந்தே போர்வைக்குள் ஒளிந்துகொள்வாள். மகள் பிறந்ததிலிருந்து கண்ணாடிப் பெட்டியின் துளை வழியாக, உறை மாட்டிய ஒரு விரலால் அவளைத் தொட்டதோடு சரி.

காலையில்தான் பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். குழந்தையின் இதயம் கருவிலேயே சரியாக உருவாகவில்லை, இனி எந்த வைத்தியமும் பலிக்காது. குழாய்களை எடுத்துவிட்டால் இருக்கிறவரை உங்கள் கையிலேயே இருப்பாள், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றார். அழுது ஓய்ந்த பிறகு இருவரும் சம்மதித்தார்கள்.

குழாய்களை எடுத்ததும் சின்ன டாக்டர் கிளம்பப் பார்த்தார். "இனி எனக்கு இங்க வேலை இல்லையே சிஸ்டர்?"

"இனிமேதான் டாக்டர் வேலையே. அந்த டவலப் பிடிங்க."

டாக்டர் அசடு வழியப் பிடித்துக்கொண்டார். அவன் மகளைக் குளிப்பாட்டினான். கை பட்டதும் அவள் உதறிக்கொள்வாளோ என்று பயந்தான். அவளோ வெந்நீரில் காலை நீட்டிச் சொகுசாகக் கிடந்தாள்.

"அப்படியே அப்பா. பாத்ரூமுக்குள்ள போனா வெளிய வரவே மனசு வராது," என்றாள் மனைவி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் முறைக்கவில்லை.

பிற்பகல் முழுக்க மூவரும் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார்கள். நர்ஸம்மா அவ்வப்போது வந்து குழந்தையின் கன்னத்துக்குள் வலி மருந்தைச் சொட்டிவிட்டுப் போனார். மூக்கு யார் மூக்கு என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். மகள் பிறந்ததிலிருந்து அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அப்படி நினைக்க அவனுக்குக் கூச்சமாகவும் இல்லை.

வெயில் சுவரில் ஏறியபோது அவன் நெஞ்சின் மேல் கிடந்த மகளின் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை.

"தூங்கிட்டாளா?" என்றாள் மனைவி.

"ம்."

அவள் குழந்தையின் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சின்ன டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை நீட்டினார்.

"டாக்டர்," என்றான் அவன். "ஜில்லுன்னு இருக்கும்."

டாக்டரின் கை நின்றது. வட்டத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அது சூடாகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.