வாசல் பக்கம் சாய்ந்த பன்னீர்ச் செம்பு

சுலோச்சனா திருப்பதியில் வாங்கி வந்த பழைய வெள்ளிப் பன்னீர்ச் செம்பு, எங்கே வைத்தாலும் வாசல் பக்கம் சாய்ந்துதான் நின்றது, விழவில்லை. அது ஆனி மாதம். சித்தூரில் மாம்பழக்கூழ் தயாரிக்கும் ஆலையில் அவளுக்கு ஓயாத வேலை. மகள் பிரித்திகாவின் கல்யாணம் ஆவணியில். கடையில் பார்த்த உடனேயே அவளுக்குச் செம்பு அடையாளம் தெரிந்துவிட்டது. தகட்டை அரக்கின் மேல் பதித்துத் தட்டி எழுப்பிய கொடிகள், கழுத்தில் இரண்டு அன்னங்கள், அதில் ஒன்றுக்கு அலகு நசுங்கியிருக்கும். அவள் பிறந்த ஊர்ப் பண்ணைக்காரர் மனைவி தாட்சாயணியின் வீட்டிலிருந்து விலைபோன பொருள். அந்த வீட்டுக் கல்யாணங்களில் சுலோச்சனாவின் அப்பா அடுப்புக்குழி வெட்டினார். பந்தலுக்கு வெளியே நின்ற அவர் மேல் ஒரு துளி பன்னீர் பட்டதில்லை. அதே செம்பைத் தன் கையில் பிடித்து வாசலில் நிற்க வேண்டும் என்றுதான் அவள் வாங்கினாள்.

செம்பு இரண்டு மாதமும் அலமாரிக்குள் கடகடவென்று ஆடியது. "இன்னாடி இது, இருப்புக்கொள்ளாம ஆடிக்கினே கீது?" என்றான் கணவன் எழிலரசன். அவளுக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டார் மேல் செம்பை உதறினாள். நிரம்பியிருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. துளைகளை ஊசியால் குத்திப் பார்த்தாள். அழைப்பை மதித்து வந்திருந்த தாட்சாயணி மேலும் உதறினாள். வரவில்லை.

"எங்க வீட்ல நல்லாத்தானே தெளிச்சுது, சுலோச்சனா."

"எங்க நைனாவுக்கு என்னிக்கும் தெளிக்கலம்மா."

மாப்பிள்ளையின் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தமே முறிந்துவிடுமோ என்று சுலோச்சனா இன்னும் பலமாக உதறினாள். அப்போது செம்பு அவள் கையை இழுத்தது. மணவறையைத் தாண்டி, பந்தியைத் தாண்டி, கொல்லைப்புறம் வரை இழுத்துக்கொண்டு போனது. அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா மேலும், மூலையில் குந்தியிருந்த மேளக்காரர்கள் மேலும் அரைமணி நேரம் பன்னீர் கொட்டியது. அவர்களை முன்பக்கம் வரச்சொல்ல வேண்டும் என்று தனக்கும் தோன்றவில்லையே என்று சுலோச்சனா கூசிப்போனாள்.

"எந்திரிக்கா, உள்ள வா. எல்லாரும் வாங்க," என்று கிருஷ்ணம்மாவின் சோப்புக் கையைப் பிடித்தாள்.

சொட்டச் சொட்ட வந்து அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அதன்பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்கும் தாட்சாயணிக்கும் அளவாகத் தெளித்தது. தாலி நேரத்துக்குக் கட்டப்பட்டது.

இப்போது சித்தூர்ப் பக்கம் அந்தச் செம்பை இரவல் கேட்டு வருகிறவர்கள், சமையல் ஆட்களுக்கும் மேளக்காரர்களுக்கும் பத்திரிகை வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். தலை துவட்டிக்கொள்ள ஆளுக்கொரு துண்டும் கொடுத்துவிடுகிறார்கள்.