நரிக்குக் காது கேட்காது

மிஸஸ் டுவோர்ஸ்கி கையில் மாட்டிக்கொள்ளும் நரி பொம்மைக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். வேறு மொழியில் யார் கேட்டாலும் இரண்டு பாதங்களாலும் காதைப் பொத்திக்கொள்ளும். பன்றி வெட்டும் ஆலைக்கு வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகள் நிறைந்த, அமெரிக்காவின் அந்த அயோவா மாநிலப் பள்ளியில், அவளுடைய முதல் வகுப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த நரிதான்.

அங்கே உதவியாளராக இருந்தவள் ஒஃபெலியா. சின்ன வயதிலேயே குவாத்தமாலாவிலிருந்து வந்தவள். அக்டோபரில் நிகோலாசா என்ற ஆறு வயதுப் பெண் வந்து சேர்ந்தாள். அவள் பேசிய, குவாத்தமாலாப் பழங்குடியினரின் கீச்சே மொழி அந்தப் பள்ளியிலேயே ஒஃபெலியா ஒருத்திக்குத்தான் தெரியும். தண்ணீர், பசி, வயிற்றுவலி, கழிப்பறை என்று அட்டைகளில் படம் வரைந்து, வளையத்தில் கோத்துப் பிள்ளையின் இடுப்பில் மாட்டிவிட்டாள்.

மூன்றாம் நாளே டுவோர்ஸ்கி அதைக் கழற்றி டிராயரில் போட்டாள்.

"அட்டையக் காட்டினாலே காரியம் நடக்கும்னா அவ எதுக்கு வாயத் திறக்கப் போறா? நீயும் அவகிட்ட உங்க பாஷையில பேசாத. இரக்கப்பட்டே கெடுத்துருவ."

"சரி, மிஸ்."

ஒஃபெலியாவின் வேலையை அடுத்த வருஷத்துக்கு நீட்டிக்க டுவோர்ஸ்கிதான் பரிந்துரைக்க வேண்டும்.

மறுவாரம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். பிள்ளைகள் கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்து, பொம்மைச் சந்தையில் நரியிடம் பழம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிகோலாசா எழுந்து, தொடைகளை இறுக்கிக்கொண்டு, ஒஃபெலியாவைப் பார்த்து மெதுவாகக் கீச்சேயில் கேட்டாள்.

நரி காதைப் பொத்திக்கொண்டது. "என்னடா சத்தம் இது? கோழி ஏதாவது உள்ள வந்துருச்சா?"

வகுப்பே சிரித்தது. பிள்ளை மறுபடியும் கேட்டாள், இந்த முறை சத்தமாக. நரி தலையை ஆட்டியது. ஒஃபெலியா கையிலிருந்த பிளாஸ்டிக் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது.

கம்பளம் நனைந்தது.

"அய்யோ, மழை!" என்றது நரி. வந்திருந்தவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பள்ளி விடும் நேரத்தில் அம்மா தொமாசா வந்தாள். மகள் யாருடைய கால்சட்டையையோ போட்டுக்கொண்டு நின்றாள். டுவோர்ஸ்கி ஒஃபெலியாவிடம், "அவ யார்கிட்டயும் கேக்கலன்னு சொல்லு" என்றாள்.

ஒஃபெலியா கீச்சேயில் சொன்னாள்: "யார்கிட்டயும் கேக்கலயாம்."

நிகோலாசா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "கேட்டேன்மா! இவங்ககிட்டதான் கேட்டேன்!"

"பொய் வேறயா?" ஆறு பேர் பார்க்க, தொமாசா மகளைக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு ஒஃபெலியாவிடம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க டீச்சர். இனிமே இப்படி நடக்காது" என்றாள்.

மறுநாள் நிகோலாசா பாவாடைக்குள் குழந்தைகளுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு வந்தாள். நடக்கும்போது சரசரத்தது. பையன்கள் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் ஒஃபெலியா. அதற்குமேல் முடியாமல் ஆலையின் வாசலில் காத்திருந்து, தொமாசாவை ஓரமாகக் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். தொமாசா ரப்பர் பூட்ஸோடு அசையாமல் நின்று கேட்டாள்.

"உன் பேச்சக் கேட்டுத்தான் அவள அடிச்சேன்" என்றாள் கடைசியில். "இப்ப வந்து சொல்றியே, யாருக்காக? உன் நெஞ்சு லேசாகணும்னா?"

"நான் போய் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட..."

"இந்த நாட்டுல இருக்க எங்களுக்குப் பேப்பர் இல்லன்னு உனக்குத் தெரியாதா? ஒரு இடத்துலயும் வாயத் திறக்காத. எம் பொண்ணு பக்கம் வராத, அது போதும்."

ஏப்ரலில் ஒஃபெலியாவுக்கு வேலை நீட்டிப்புக் கடிதம் வந்தது. அதற்குள் நிகோலாசா சந்தை விளையாட்டில் எல்லோரையும்விட வேகமாக இங்கிலீஷில் பதில் சொன்னாள். டுவோர்ஸ்கி அவளைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். ஒருநாள் மைதானத்தில் விழுந்து நிகோலாசாவின் முழங்கால் கிழிந்து ரத்தம் ஒழுகியது. ஒஃபெலியா பதறி ஓடிப்போய், கீச்சேயில், "வலிக்குதாடி கண்ணு?" என்று குனிந்தாள்.

பிள்ளை அவளைத் தாண்டி நொண்டிக்கொண்டே நர்ஸ் அறைக்குப் போய்விட்டாள்.