வார்னிஷ் அடித்த சுவர்

ஓட்டல் வரவேற்பறைச் சுவரில் ஓவியம் தீட்டி முடித்த பெண்ணால் அதன் பிறகு அந்த அறையின் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. கால் படிவரைக்கும் வரும்; அப்பால் எழும்பாது. அவள் இனத்தில் புகுந்த வீட்டுச் சுவரில் ஓவியம் தீட்டுகிறவள், ஆடும் பெண்களின் வரிசையில் கடைசியாகத் தன்னையும் வரைந்துவிடுவாள். மழையில் மண்சுவர் கரையும்வரை அவளால் வீட்டைவிட்டு நகர முடியாது. கரைந்ததும் பிறந்த வீட்டுக்குப் போவாள்; மறுபடி சுவர் பூசக் கூப்பிடும்வரை அவள் யாருக்கும் சொந்தமில்லை. இங்கேயோ சிமெண்ட் சுவர், பிளாஸ்டிக் பெயிண்ட். பழக்கத்தில் கை தன்னையும் வரைந்துவிட்டது. மேலே வார்னிஷும் அடித்தாயிற்று.

புருஷன் வந்து தூக்கிப் பார்த்தான். சுவரையே தூக்குவதுபோல் இருந்தது. ஓவியத்தின் பாதத்தை ஆணியால் சுரண்டினான். அவள் குதிகாலில் ரத்தம் வந்தது. “வேணாங்க, விட்டுடுங்க” என்றாள்.

மேலாளர் தலையைச் சொறிந்தார். “வார்னிஷ் நம்ம காலத்துக்கும் தாங்கும்மா. நல்ல சரக்கா வாங்கினது என் தப்புதான்.”

மாடிப்படிக்கு அடியில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கையிடம் விட்டு வந்திருந்த மகளை ஞாயிறுதோறும் கூட்டி வந்தார்கள். மகளுக்குப் பால்பற்கள் விழுந்தன, தூரிகை கைக்குப் படிந்தது, அம்மாவைவிட உயரமானாள், எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகளில். மழைக்காலத்தில் அம்மா கண்ணாடிக் கதவருகே நிற்பாள். இப்போதுதான் மாட்டிக்கொண்டோமா, இல்லை, பிறந்த வீட்டில் இருந்த அந்தச் சில நாட்களைத் தவிர எப்போதுமே சுவருக்குள்தான் இருந்தோமா என்று யோசனை ஓடும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

எதிர்ச் சுவரைத் தீட்ட மகளையே அழைத்தார் மேலாளர். அம்மா பக்கத்திலேயே நின்றாள். வரிசை முடியப்போகும்போது மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உன்னைப் போடாத.”

“நான் இல்லாம வரிசை எப்படிம்மா முடியும்? பாக்கறவங்க சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும். கையக் கழுவிட்டுக் கிளம்பு, பஸ் போயிடும்.”

மகள் வாசற்படியைச் சாதாரணமாகத் தாண்டினாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு ஓடினாள். அடுத்த ஞாயிறு வெளியூரில் வேலை என்று சொல்லியனுப்பினாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

“ஒரு ஆள் இடம் காலியா இருக்கே” என்றார் மேலாளர், புதுச் சுவரில் வரிசையின் முடிவைக் காட்டி. அம்மா நாற்காலியை இழுத்து அந்த இடத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். விருந்தினர்கள் படம் எடுக்கும்போது அவளை விலகச் சொல்வதை ஊழியர்கள் நாளடைவில் விட்டுவிட்டார்கள்.